மார்பகத் தொடுவுணர் பரிசோதனை: திரையில் சிவப்பு வந்தால் அடுத்து என்ன?

‘ஐந்தே நிமிடம், வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை’ என்று அலுவலகத்திலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ மார்பகப் பரிசோதனை முகாமுக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களா? நீங்கள் இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதுக்காரர் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். மார்பில் ஒரு கையடக்கக் கருவியை வைத்து அழுத்திப் பார்க்கும் இப்படி ஒரு முகாமில்தான் எனக்குத் திரையில் சிவப்பு வந்தது, அதாவது அங்கே ஏதோ கெட்டியாக இருக்கிறது என்று. அதற்கப்புறம் எந்த டாக்டரிடம் போவது, எந்த ஸ்கேன் எடுப்பது, எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குவது என்று சொல்ல அங்கே ஆளில்லை. கடைசியில் அது ஃபைப்ரோஅடினோமா, அதாவது இந்த வயதில் சர்வசாதாரணமாக வரும் ஒரு கெடுதலற்ற கட்டி என்று தெரிந்தது. ஆனால் அது தெரிவதற்குள் அலைந்ததில் பாதி தேவையே இல்லாத அலைச்சல். நான் மருத்துவர் அல்ல. கோவையில் இருக்கிறேன். கீழே சொல்லும் நடைமுறையும் செலவும் தமிழ்நாட்டுக்கானவை.

முதலில் ஒரு விஷயம். கையில் கட்டி தட்டுப்படுகிறது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் வருகிறது, தோல் ஓரிடத்தில் உள்ளிழுத்துக் குழி விழுகிறது, காம்பு புதிதாக உள்ளே போயிருக்கிறது, காம்பைச் சுற்றிய புண் ஆறவில்லை: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் முகாமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். நேராகப் படி 4-க்குப் போய்விடுங்கள். இந்தக் கருவி எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கான முதல்கட்ட வடிகட்டல் மட்டும்தான்.

1. கருவி எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர் முகாம்களில் அதிகம் காணப்படுவது ஐபிரெஸ்ட்எக்ஸாம் என்ற கையடக்கக் கருவி. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் உருவான பீசோமின் உணரித் (அழுத்தத்தை மின்சாரச் சைகையாக மாற்றும் உணரி) தொழில்நுட்பத்தைக் கொண்டு யூ.ஈ. லைஃப்சயின்ஸஸ் நிறுவனம் செய்தது. அடிப்பக்கத்தில் 16 உணரிகள். மார்பில் மெதுவாக அழுத்தும்போது அடியில் இருக்கும் திசு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அவை அளக்கின்றன. புற்றுக்கட்டி சுற்றியுள்ள திசுவைவிடக் கெட்டி. பிசைந்த மாவுக்குள் சிக்கிய கடலை விரலில் நிரடுவது போல அது உணரிக்குத் தட்டுப்படும். கெட்டியான இடம் திரையில் சிவப்பாகவும் மற்ற இடம் பச்சையாகவும் தெரியும்.

கருவிக்குத் தெரிவது கெட்டித்தன்மை மட்டும். ஃபைப்ரோஅடினோமாவும் கெட்டிதான், மாதவிலக்குக்கு முன் வீங்கும் சுரப்பியும் கெட்டிதான், பால் கட்டியிருந்தாலும் கெட்டிதான். மறுபக்கம், மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) சுண்ணாம்புத் துகள்களாக மட்டும் தெரியும் ஆரம்பநிலைப் புற்று இந்தக் கருவிக்குத் தெரியாது. ஆழத்தில் இருக்கும் சிறு கட்டியும் தப்பிவிடலாம்.

அப்படியானால் இளம்பெண்களுக்கு ஏன் இதைச் சொல்கிறார்கள்? இந்த வயதில் மார்பகத்தில் கொழுப்பைவிடச் சுரப்பித் திசு அதிகம். மேமோகிராமில் சுரப்பித் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. வெள்ளைக்குள் வெள்ளையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் நாற்பதுக்குக் கீழே, குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாதவர்களுக்கு, வழக்கமான மேமோகிராமை யாரும் சொல்வதில்லை. அந்தக் காலியிடத்தில்தான் இந்தக் கருவிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

நோட்டீஸில் ‘அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எஃப்.டி.ஏ. என்பது மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அந்நாட்டு அரசு அமைப்பு. அனுமதி உண்மை. ஆனால் இந்த வகைக் கருவிகளுக்கு அங்கே தரப்படும் அனுமதி, கையால் தொட்டுக் கண்டுபிடித்த கட்டியைப் பதிவுசெய்துவைக்க உதவும் சாதனம் என்ற அளவில்தான். புற்றுநோயா இல்லையா என்று சொல்வதற்கான அனுமதி அல்ல. இந்த இரண்டாவது வரி நோட்டீஸில் இருக்காது.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்ததில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படித் தெளிவான குறைவு தெரியவில்லை. கையால் தொட்டுப் பார்ப்பதன் நிலையே இது என்றால், அதைக் கருவிக்கு மாற்றியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் வார்த்தையை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது என்ற கணக்கோடு போங்கள்.

2. தேதியைத் தேர்ந்தெடுங்கள்

மாதவிலக்கு தொடங்கிய நாளை ஒன்று என்று வைத்து எண்ணினால், ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை நல்ல நேரம். மார்பு அப்போதுதான் இளக்கமாக இருக்கும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் போனால் தேவையில்லாமல் சிவப்பு வர வாய்ப்பு அதிகம். முகாம் தேதி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். முகாம் இன்னொன்று வரும்.

கர்ப்பமாக இருப்பவர்களும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் கருவியைத் தவிர்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் நேராக அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்குப் போவதே நல்லது. ஸ்கேனால் குழந்தைக்கோ பாலுக்கோ கெடுதல் இல்லை. போவதற்குக் கொஞ்சம் முன்னால் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனால் படம் தெளிவாக வரும். ‘பால்கட்டுதான், தானா கரைஞ்சிடும்’ என்று வீட்டில் சொல்வார்கள். கரைவதற்கு இரண்டு வாரம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

3. முகாமில்: உட்காரும் முன்னும் எழும் முன்னும்

முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையோ குர்த்தாவோ போட்டுக்கொண்டு போங்கள். படுக்கவைத்து, ஜெல் தடவி, மார்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வோர் இடத்திலும் கருவியை வைத்து அழுத்தி எடுப்பார்கள். அக்குளுக்குள் கருவி சரியாக உட்காராது. அதனால் அக்குளையும் காறை எலும்புக்கு மேலேயும் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புற்று பரவினால் முதலில் நெறி கட்டும் இடம் அக்குள். இதைக் கேட்டதும் ‘அதெல்லாம் இதில் வராதுங்க’ என்று சொன்னால், அந்தப் பரிசோதனை பாதிதான் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தை ஒருமுறை படியுங்கள். முடிவு யார் யாருக்குப் போகிறது என்று அதில் இருக்கும். அலுவலக முகாம் என்றால் இது முக்கியம். உங்கள் பெயரோடு முடிவு மனிதவளப் பிரிவுக்குப் போகக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை போனால் போதும். அப்படி எழுதியிராவிட்டால் ‘முடிவை எனக்கு மட்டும் தரவும்’ என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

எழுந்து வருவதற்கு முன் முடிவைக் காகிதத்திலோ பி.டி.எஃப். ஆகவோ வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எந்த மார்பு, கடிகார முள் நிலையில் எந்த இடம், காம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று இருக்க வேண்டும். ‘வலது, 10 மணி, காம்பிலிருந்து 4 செ.மீ.’ என்று இருந்தால் அடுத்த மருத்துவர் நேராக அங்கே கை வைப்பார். ‘சிவப்பு, மருத்துவரை அணுகவும்’ என்று மட்டும் இருந்தால் அந்தக் காகிதத்தால் பிரயோஜனம் இல்லை. திரையை உங்கள் போனிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பச்சை வந்தால் சந்தோஷம். ஆனால் அது ஐந்து வருட உத்தரவாதச் சீட்டு அல்ல. அடுத்த மாதமே கையில் ஏதாவது தட்டுப்பட்டால், ‘போன மாதம்தான் பச்சை வந்ததே’ என்று தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கருவிகளால் நடக்கும் பெரிய கெடுதல் இதுதான் என்பது என் அபிப்பிராயம். தேவையில்லாத சிவப்பால் போவது கொஞ்சம் பணமும் தூக்கமும். தப்பான பச்சையை நம்பினால் போவது காலம்.

(டெல்லியில் பார்வையற்ற பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, விரலாலேயே மார்பகத்தைப் பரிசோதிக்க வைக்கிறார்கள். ஜெர்மனியில் மகப்பேறு மருத்துவர் ஃபிராங்க் ஹாஃப்மன் தொடங்கிய முறை. மார்பில் பிரெய்ல் புள்ளிகள் வைத்த ஒட்டுப்பட்டைகளை ஒட்டிக்கொண்டு சென்டிமீட்டர் சென்டிமீட்டராகத் தடவிப் பார்ப்பார்கள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து நிமிடக் கருவியா, அரைமணி நேர விரலா என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். அந்தப் பக்கம் போகும் வேலை இருந்தால் விசாரியுங்கள்.)

4. சிவப்பு வந்தாலோ கட்டி தட்டுப்பட்டாலோ: சரியான டாக்டர்

நம்மில் பெரும்பாலோர் உடனே போவது மகப்பேறு மருத்துவரிடம். தப்பில்லை, ஆனால் அவரும் அடுத்து அனுப்பப்போவது அறுவைச் சிகிச்சை நிபுணரிடம்தான். நேராக அங்கேயே போனால் ஒரு கன்சல்டேஷன் மிச்சம். பெரிய ஊர்களில் மார்பகத்துக்கென்றே கிளினிக் இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் பொது அறுவைச் சிகிச்சை புறநோயாளிகள் பிரிவு. காலையில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். எந்தக் கிழமை எந்த யூனிட் என்று சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தமுறை அதே யூனிட் கிழமையில் போகாவிட்டால் முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். ஆண் மருத்துவர் என்றால் கூட ஒரு பெண் செவிலியர் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஊரில் யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகத்தைக் கையால் பார்க்கும் பரிசோதனை இலவசம். அங்கிருந்து பரிந்துரைச் சீட்டோடு போனால் பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்சம் மரியாதை கூடுதல்.

எப்போது போவது? இன்றே ஓட வேண்டிய அவசரம் இல்லை, அடுத்த மாதம் வரை தள்ளும் விஷயமும் இல்லை. இரண்டு வாரத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அறிகுறியோடு வந்த பெண்ணுக்கு 60 நாளுக்குள் நோய் என்ன என்று முடிவாகிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. அதை உங்கள் காலெண்டரில் கடைசித் தேதியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் நடத்திய மருத்துவமனையிலிருந்து போன் வரும். எனக்கும் வந்தது, பெரிய பரிசோதனைப் பேக்கேஜ் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். சர்க்கரை, தைராய்டு, முழு வயிற்று ஸ்கேன், புற்று ‘மார்க்கர்’ ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் உண்டு. மார்பக ஸ்கேன் மட்டும் இல்லை. சி.ஏ. 15-3 போன்ற மார்க்கர்கள் மார்பகப் புற்றைக் கண்டுபிடிப்பதற்கானவை அல்ல. ஏற்கெனவே நோய் உள்ளவர்களைக் கண்காணிக்க மட்டும் சிலசமயம் பயன்படுத்துவார்கள். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

5. ஸ்கேன்: எது, எங்கே, அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்

முப்பதுக்குக் கீழே என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட். முப்பதிலிருந்து முப்பத்தொன்பது வரை டாக்டர் அல்ட்ராசவுண்ட் மட்டுமோ மேமோகிராமும் சேர்த்தோ எழுதலாம். நாற்பதிலிருந்து மேமோகிராம் முதலில், கூடவே அல்ட்ராசவுண்ட். மேமோகிராமுக்கு முன் கர்ப்பம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அன்றைக்கு அக்குளில் பவுடர், டியோடரன்ட் எதுவும் போடாதீர்கள். படத்தில் அது சுண்ணாம்புத் துகள் மாதிரியே தெரியும்.

தெருமுனை ஸ்கேன் சென்டரில் கர்ப்ப ஸ்கேனும் வயிற்று ஸ்கேனும் நன்றாகவே எடுப்பார்கள். மார்பக ஸ்கேன் வேறு விஷயம். போன் செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘மார்பக ஸ்கேன் தினமும் எடுக்கிறீர்களா? அறிக்கையில் பைராட்ஸ் போடுவீர்களா?’ பைராட்ஸ் என்பது ஸ்கேனில் தெரிந்தது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று ஓர் எண்ணால் சொல்லும் முறை. இரண்டாவது கேள்விக்குத் திணறினால் வேறு இடம் பாருங்கள். என் முதல் அறிக்கையில் ‘சிறு கட்டி காணப்படுகிறது, மருத்துவ ரீதியாகப் பொருத்திப் பார்க்கவும்’ என்ற ஒரு வரிதான் இருந்தது. அளவும் இல்லை, இடமும் இல்லை. டாக்டர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்த இடத்தில் போய்க் கேட்டபோது மாற்றி எழுதித் தரவும் இல்லை. இரண்டு தடவை பணம்.

முகாம் படத்தை ஸ்கேன் எடுப்பவரிடம் காட்டுங்கள். சிவப்பு வந்த இடத்தில் குறிப்பாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே எதுவும் இல்லை என்றால், ‘குறிப்பிட்ட இடத்தில் கட்டி எதுவும் இல்லை’ என்று அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் ‘நார்மல்’ என்று மட்டும் வந்தால், அந்த இடத்தைப் பார்த்தார்களா என்ற சந்தேகம் உங்களை விடாது.

பைராட்ஸ் எண் இப்படிப் போகும்.

0 என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று அர்த்தமில்லை. இன்னும் படம் வேண்டும், பரிசோதனை முடியவில்லை என்று அர்த்தம். இதைத் தப்பாகப் படித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

1-ம் 2-ம் கவலை இல்லாதவை. 3 என்றால் அநேகமாகச் சாதாரணக் கட்டி. புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகாது. ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். அந்த ஆறு மாதத்தை நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

4 வந்தால் பயாப்ஸி, அதாவது ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிப்பது. இந்த நாலைப் பார்த்ததும்தான் வீட்டில் அழுகை ஆரம்பிக்கும். ஆனால் நாலுக்குள் ஏ, பி, சி என்று மூன்று உண்டு. 4ஏ என்றால் புற்று வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம் வரைதான். அதாவது பத்துப் பேரில் ஒன்பது பேருக்காவது சாதாரணக் கட்டி. 4பி-யில் அது 10 முதல் 50 வரை, 4சி-யில் 50 முதல் 95 வரை. அறிக்கையில் வெறும் 4 என்று இருந்தால் எந்த 4 என்று கேளுங்கள். 5 என்றால் 95 சதவீதத்துக்கு மேல். அதற்கும் அடுத்த படி பயாப்ஸிதான்.

நான் விசாரித்தவரையில் தனியார் இடங்களில் இரு மார்பு அல்ட்ராசவுண்டுக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வரை, மேமோகிராமுக்கு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூன்றாயிரத்து ஐந்நூறு வரை சொன்னார்கள். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை, காத்திருப்பு உண்டு. வசதி இருந்தால் ஸ்கேனை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு பயாப்ஸிக்கு அரசு மருத்துவமனைக்கே போகலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

6. பயாப்ஸி: மூன்று பள்ளங்கள்

முதல் பள்ளம்: ‘சின்னக் கட்டிதானே, எடுத்துப் போட்டுடலாம்’. சிறிய நர்சிங் ஹோம்களில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. ஊசியால் சதை எடுத்து என்னவென்று தெரிந்துகொள்ளாமல் கட்டியை வெட்டி எடுக்க விடாதீர்கள். ஒருவேளை அது புற்றாக இருந்தால், ஓரத்தில் எவ்வளவு விட்டு எடுக்க வேண்டும், முதலில் கீமோவா, அக்குள் நெறியை என்ன செய்வது என்ற எல்லாத் திட்டமும் குழம்பிவிடும். மறுபடி அறுக்க வேண்டி வரும். சாதாரணக் கட்டியாக இருந்தால், பெரும்பாலும் அறுக்கவே தேவையிருக்காது. எனக்கு இன்றுவரை எடுக்கவில்லை. வளர்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது: எந்த ஊசி. எஃப்.என்.ஏ.சி. என்பது மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுப்பது. மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் புற்று என்று வந்தால் அது சுற்றிலும் ஊடுருவியதா இல்லையா என்று அதில் தெரியாது. கோர் பயாப்ஸி, நம் ஆஸ்பத்திரிகளில் ட்ரூகட் என்பார்கள், திசுவையே மெல்லிய புழு மாதிரித் துண்டுகளாக எடுக்கும். ‘எஃப்.என்.ஏ.சி.யா, ட்ரூகட்டா? ஸ்கேன் பார்த்துக்கொண்டே எடுப்பீர்களா?’ என்று கேளுங்கள். முதலில் எஃப்.என்.ஏ.சி. எடுத்து, அதில் சரியாகத் தெரியவில்லை என்று அப்புறம் ட்ரூகட் எடுத்தால் இரண்டு செலவு, இரண்டு காத்திருப்பு.

ட்ரூகட் எப்படி இருக்கும்? மரத்துப்போகும் ஊசி போடும்போதுதான் சுருக்கென்று வலிக்கும். அதற்கப்புறம் அழுத்தம் மட்டும். ஊசித் துப்பாக்கி ‘டக்’கென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குத்தான் உடம்பு தூக்கிவாரிப்போடும். நல்ல இடங்களில் முதலிலேயே வெளியே ஒருமுறை சுட்டுச் சத்தத்தைக் காட்டிவிடுவார்கள், காட்டாவிட்டால் கேளுங்கள். எடுத்த துண்டுகளை ஃபார்மலின் பாட்டிலில் போடுவார்கள். அந்தப் பாட்டிலின் மேல் உங்கள் பெயர், வயது, எந்தப் பக்கம், தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அல்லது கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டு லட்சுமி, மூன்று கவிதா வரும் ஊர் இது.

ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முடிந்ததும் இறுக்கமான பிரா, பத்துப் பத்து நிமிடமாக ஐஸ் ஒத்தடம், ஒருநாள் குடம் தூக்க வேண்டாம். நீலம் பாய்வது சகஜம்.

மூன்றாவது பள்ளம் வீட்டுக்குள் இருக்கிறது: ‘ஊசி குத்தினால் பரவிடும்’. என் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவரிடம் நான் சொன்னதை நீங்களும் சொல்லலாம்: பயாப்ஸியால் நோய் பரவி ஆயுள் குறைந்தது என்று காட்டும் ஆதாரம் இல்லை; என்ன நோய் என்று தெரியாமல் நாட்டுமருந்து தேடி ஆறு மாதம் ஓட்டினால்தான் பரவும்.

பயாப்ஸி, பரிசோதனைக்கூடக் கட்டணம் எல்லாம் சேர்த்துத் தனியாரில் ஐயாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை சொன்னார்கள். ‘பேத்தாலஜி கட்டணம் இதில் சேர்ந்ததா?’ என்று கேட்டுவிடுங்கள், பல இடங்களில் தனி பில். முடிவு வர ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். புற்று என்று வந்தால் மட்டும், எந்த மருந்து பலன் தரும் என்று பார்க்க, அதே திசுவில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று ஐ.எச்.சி. பரிசோதனை தொடரும், அதற்குத் தனிக் கட்டணமும் மேலும் சில நாட்களும்.

முடிவு ‘சாதாரணக் கட்டி’ என்று வந்தாலும் டாக்டரிடம் ஒரு கேள்வி பாக்கி: ‘கையில் தெரிந்தது, ஸ்கேனில் தெரிந்தது, பயாப்ஸியில் வந்தது, மூன்றும் ஒத்துப்போகிறதா?’ ஸ்கேனில் 4சி, பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்தால் ஊசி குறி தவறியிருக்கலாம். மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அலுத்துக்கொள்ளாமல் போங்கள்.

7. ஃபைல்

ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் தேதிவாரியாக: முகாம் முடிவு, ஓ.பி. சீட்டுகள், ஸ்கேன் அறிக்கை, ஸ்கேன் படங்கள், மேமோகிராம் சி.டி., பயாப்ஸி அறிக்கை, எல்லா ஒரிஜினல் பில்களும். ஆதார் நகல் சில. முதல் பக்கத்தில் கடைசி மாதவிலக்குத் தேதி, சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன புற்று என்று ஒரு தாளில் எழுதிவைத்தால் ஒவ்வொரு டாக்டரிடமும் ஒப்பிக்க வேண்டியதில்லை.

பயாப்ஸி எடுத்தவர்கள் கவனிக்க: அறிக்கைக் காகிதத்தோடு வேலை முடிவதில்லை. மெழுகில் பதித்த திசு பிளாக்கும் கண்ணாடி ஸ்லைடும் பரிசோதனைக்கூடத்தில் இருக்கும். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்டால் அவர்கள் கேட்பது இவற்றைத்தான். அடையாள அட்டை நகலோடு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களைத் தர இழுத்தடித்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதியிலேயே இருக்கிறது. இதை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் வேலை நடக்கும்.

8. காப்பீடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, குடும்பத்தினரின் ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுதான் நேரம் பிடிக்கும், அதனால் பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்காமல் முன்னாலேயே விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு நல்லபடியாக வந்தாலும் அட்டை வீட்டில் இருப்பது நல்லதுதான்.

தனியார் பாலிசி உள்ளவர்களுக்கு: ஸ்கேனும் பயாப்ஸியும் வெளிநோயாளிச் செலவு என்று பெரும்பாலான பாலிசிகள் தராது. ஆனால் பின்னால் அட்மிட் ஆக நேர்ந்தால், அதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவைக் கேட்கலாம். டாக்டர் சீட்டும் ஒரிஜினல் பில்லும் இருந்தால்தான். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு 80டி பிரிவின் கீழ் 5,000 ரூபாய் வரை காட்டலாம்.

பாலிசியே இல்லாதவர்கள் முகாமுக்குப் போகும் முன் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரிய அறிக்கை கையில் வந்தபின் புதுப் பாலிசி எடுத்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைப்பார்கள். மறைத்து எடுத்தால், பின்னால் கிளெய்ம் கேட்கும்போது அந்த ஸ்கேன் தேதியே உங்களுக்கு எதிராக நிற்கும். பாலிசி எடுக்க உத்தேசம் இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு முகாமுக்குப் போங்கள். ஆனால் உடம்பில் அறிகுறி இருக்கும்போது பாலிசிக்காக டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

9. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்திருந்தால்

தாய், உடன்பிறந்தவர், மகள் ஆகியோரில் யாருக்காவது ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்று, அல்லது எந்த வயதிலும் சினைப்பைப் புற்று வந்திருந்தால், மேலே சொன்ன கருவி முகாமெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. பச்சை வந்தாலும் அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். அப்பா வழி உறவையும் எண்ணுங்கள். மரபணு அப்பா வழியாகவும் வரும், அத்தைக்கு வந்ததை நம் வீடுகளில் யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நீங்கள் போக வேண்டியது மரபணு ஆலோசனைக்கு. பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில், மார்பக, சினைப்பைப் புற்று அபாயத்தைக் கூட்டும் மாற்றம் இருப்பது உறுதியானால் 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., முப்பதிலிருந்து மேமோகிராமும் சேர்த்து என்று திட்டம் போடுவார்கள். பரிசோதனை செய்யாவிட்டாலும், உறவினருக்கு நோய் வந்த வயதிலிருந்து பத்தைக் கழித்து அந்த வயதில் கண்காணிப்பைத் தொடங்குவது பல மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அம்மாவுக்கு 42 என்றால் உங்களுக்கு 32.

மரபணு ரத்தப் பரிசோதனையை முடிந்தால் முதலில் நோய் வந்தவருக்கே செய்யுங்கள். அவரிடம் என்ன மாற்றம் என்று தெரிந்தால் உங்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். அவர் உயிரோடு இல்லை என்றால் பழைய ஆஸ்பத்திரியில் அவருடைய பயாப்ஸி அறிக்கையாவது கிடைக்கிறதா பாருங்கள். ஆலோசனைக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.